போக்சோ மனு வரைவு: தூக்குத் தண்டனையை விட்டுவிட்டு எதைக் கேட்பது?

மடிப்பாக்கம் சங்கம்:
எங்கள் பக்கம் ஆறு குடியிருப்போர் நலச் சங்கங்கள் சேர்ந்து தொகுதி எம்.எல்.ஏ.விடம் ஒரு மனு கொடுக்கப் போகிறோம். பேரவையில் துறைவாரி நிதி பற்றிய மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்னால் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். வரைவில் இப்போதைக்கு நாலு கோரிக்கை. குழந்தைகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்குபவர்களுக்குத் தூக்கு. குற்றவாளிகளின் பெயர், படம், முகவரி இணையத்தில் வெளியீடு. பள்ளிதோறும் விசாரணைக் கமிட்டி. பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு அரசு உதவி. இந்த வேலையிலேயே இருப்பவர்கள் இங்கே உண்டு. கிழித்துத் தொங்கவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

பாரிமுனை கறுப்புக்கோட்டு:
கேட்டதால் கிழிக்கிறேன். முதல் கோரிக்கையை எம்.எல்.ஏ. ஒரே வரியில் முடித்துவிடுவார்: "அதான் சட்டத்திலேயே இருக்கே." உண்மையும் அதுதான். போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 2019 திருத்தத்தில் 6ஆம் பிரிவுக்கு (மோசமான வகை ஊடுருவல் தாக்குதல்) குறைந்தது 20 ஆண்டு, கூடுதலாக மரண தண்டனை வரை என்று ஆனது. 4ஆம் பிரிவில் (ஊடுருவல் தாக்குதல்) 7 ஆண்டாக இருந்த குறைந்தபட்சம் 10 ஆனது. குழந்தைக்கு 16 வயது நிரம்பவில்லை என்றால் 20. போதாக்குறைக்கு 2025 ஜனவரியில் நம் பேரவையும் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டித் திருத்தம் நிறைவேற்றியது. அந்தப் பக்கம் ஏணியில் இனி படியே இல்லை.

வழக்கு சாகிற இடம் வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்த ஆள்தான். சித்தப்பா, மாடிவீட்டு அங்கிள், டியூஷன் மாஸ்டர். "உன் வாயால அவனைத் தூக்குல போடப் போறியா" என்று வீட்டுக்குள்ளேயே ஆரம்பித்துவிடும். அந்தப் பாரம் ஏறுவது பத்து வயதுப் பிள்ளையின் தோளில். கூண்டில் ஏறி "எனக்கு ஞாபகம் இல்லை" என்றதும் பிறழ் சாட்சி என்று எழுதிக்கொள்வார்கள். புகார் கொடுத்த நாளிலிருந்து தீர்ப்பு நாள் வரை அந்தப் பிள்ளையோடு யார் நடக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மனு அதைக் கேட்கட்டும்.

வேளச்சேரி அப்பா:
அப்படியென்றால் பயமே வேண்டாமா? தண்டனை கடுமையாக இருந்தால்தானே கை வைக்க யோசிப்பான்?

பாரிமுனை கறுப்புக்கோட்டு:
பயம் வேண்டும் சார். மாட்டிக்கொள்வோம் என்கிற பயம். வழக்கு நிற்காது என்று தெரிந்தவனுக்கு 20 ஆண்டும் ஒன்றுதான், தூக்கும் ஒன்றுதான்.

கெல்லீஸ் பஸ் ஸ்டாப்:
கறுப்புக்கோட்டு சொன்ன "யார் நடக்கிறார்கள்" என்பதற்குச் சட்டத்திலேயே பெயர் உண்டு: ஆதரவு நபர். 2020 போக்சோ விதிகள் 4ஆம் விதி. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால் குழு ஓர் ஆதரவு நபரை நியமிக்கும். நியமித்ததை 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அவர் வேலை ஆறுதல் சொல்வது மட்டுமல்ல. அடுத்த வாய்தா என்றைக்கு, குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டதா, இழப்பீட்டு மனு போட்டாயிற்றா, மருத்துவமனை மறுபடி எப்போது வரச் சொன்னது, எல்லாம் அவர் வழியாகத்தான் வீட்டுக்குத் தெரிய வேண்டும். சாட்சி நாளுக்கு முன்பே குழந்தையை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய் நாற்காலி எங்கே, ஜட்ஜ் எங்கே உட்காருவார், தண்ணீர் எங்கே, பாத்ரூம் எங்கே என்று காட்டிவிட்டு வருவது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். அதைச் செய்யாமல் விட்ட குழந்தை கூண்டில் வாயைத் திறப்பதில்லை.

நடப்பது என்ன? பெற்றோரிடம் "உங்களுக்குத் துணைக்கு ஆள் வேண்டுமா" என்று இரவு பதினோரு மணிக்கு ஸ்டேஷனில் கேட்பார்கள். அவர்கள் இருக்கிற நிலையில் "வேண்டாம்மா, விடுங்க" என்பார்கள். மறுத்துவிட்டார்கள் என்று எழுதிக்கொண்டால் வேலை முடிந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது: ஆதரவு நபர் என்கிற உரிமை இருக்கிறது என்பதை ஒவ்வொரு வழக்கிலும் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும், நியமனத்தை அவர்கள் விருப்பம் என்று விட்டுவிடக் கூடாது என்றது.

அடுத்த ஓட்டை காசு. ஆதரவு நபர், மொழிபெயர்ப்பாளர், சைகை மொழி தெரிந்தவர், சிறப்புக் கல்வியாளர் எல்லோருடைய பெயரும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்கிறது 5ஆம் விதி. ஊதியம், திறன்மிகு தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. கொத்தனாருக்குக் கொடுப்பதைவிடக் குறைக்காதீர்கள் என்று சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள். தரையைத்தான் சொன்னார்கள், கூரையை அல்ல. மாநில அரசு ஓர் அரசாணையில் இதைவிடக் கூடுதலாகத் தரலாம். மனுவில் வைக்க நல்ல கோரிக்கை.

மடிப்பாக்கம் சங்கம்:
முதல் கோரிக்கை போயிற்று, ஆதரவு நபர் வந்தாயிற்று. அந்தப் பெயர்ப் பட்டியலாவது தேறுமா?

கெல்லீஸ் பஸ் ஸ்டாப்:
தேறாது. குற்றவாளி சித்தப்பா என்றால், அவர் படத்தைப் போட்ட அன்றே தெருவுக்கே தெரிந்துவிடும் அந்தப் பிள்ளை யார் என்று. அடையாளம் வெளிவரக் கூடாது என்று 23ஆம் பிரிவும் 33(7)உம் கட்டிக் காப்பதை அரசு இணையதளமே உடைத்த மாதிரி ஆகும். போலீஸ் பார்க்கிற தேசியப் பட்டியல் 2018 முதல் இருக்கிறது. நமக்கு வேண்டியது வேலைக்கு எடுக்கும்போது சரிபார்ப்பு.

வேளச்சேரி அப்பா:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. வேற்றாள் வழக்கிலாவது பெயரைப் போடலாம். இதை ஓட்டுக்கு விட்டால் என் ஓட்டு போடு என்பதற்குத்தான்.

ரைட்டர் ரிடையர்டு:
சரிபார்ப்பு என்று வந்ததால் சொல்கிறேன். விதி 3இன்படி பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம், குழந்தைகளோடு தொடர்ந்து பழகுகிற எந்த இடமானாலும் எல்லா ஊழியருக்கும், கான்ட்ராக்ட் ஆள் உட்பட, குறிப்பிட்ட இடைவெளியில் போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம். ஆனால் ஒன்று. எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் சரிபார்ப்பில் ஏதாவது வரும். ஒரு பள்ளி "மானம் போயிடும்" என்று ஆளிடம் ராஜினாமா எழுதி வாங்கி அனுப்பிவிட்டால், அடுத்த பள்ளிக்கு அவர் சுத்தமான ஆள். ஆகவே சரிபார்ப்போடு, முன்பு வேலை பார்த்த இரண்டு இடங்களில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குவதையும் கட்டாயமாக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மூன்றாவது கோரிக்கை ஆபத்து. பள்ளியில் விசாரணைக் கமிட்டி கூடாது. 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் யாராயிருந்தாலும் போலீசில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம். நிறுவனத் தலைவர் தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை, அபராதமும் சேர்த்து. கமிட்டி போட்டால் ஹெச்.எம். ஒரு தடவை கேட்பார், தாளாளர் ஒரு தடவை, பி.டி.ஏ. தலைவர் ஒரு தடவை. நாலாவது தடவை போலீசிடம் சொல்லும்போது குழந்தையின் வார்த்தையே மாறியிருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த நாலு பதிப்பும் அல்வா. பள்ளி செய்ய வேண்டியது: குழந்தை சொன்னதை அது சொன்ன சொல்லிலேயே, தேதி நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போலீசுக்குத் தெரிவிப்பது. கேள்வி கேட்பது பள்ளியின் வேலை அல்ல.

மடிப்பாக்கம் சங்கம்:
ஸ்டேஷனில் என்ன சிக்கல் வரும் என்றும் எழுதுங்கள் சார். மனுவில் அதற்கும் ஒரு பத்தி வேண்டும்.

ரைட்டர் ரிடையர்டு:
முதல் சிக்கல் சி.எஸ்.ஆர்., அதாவது வழக்குப் பதியாமல் கொடுக்கிற புகார் ரசீது. "ரசீது தர்றோம், விசாரிச்சுட்டு எஃப்.ஐ.ஆர். போடுறோம்" என்பது ஊர்வழக்கு. போக்சோவில் அது செல்லாது. தகவலை எழுதி, எண் கொடுத்து, சொன்னவருக்குப் படித்துக் காட்டிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். இணையத்தில் தேடினால் கிடைக்காது, பயப்பட வேண்டாம். பாலியல் குற்ற எஃப்.ஐ.ஆர்.களை ஏற்றக் கூடாது என்று 2016இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இரண்டாவது எல்லை. செம்மஞ்சேரி சென்னை மாவட்டம், போலீஸ் தாம்பரம் ஆணையரகம். 2022இல் தாம்பரமும் ஆவடியும் தனியாகப் பிரிந்ததிலிருந்து "இது எங்க லிமிட் இல்லை" என்று சொல்வதற்கு இடம் கூடிவிட்டது. எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம் என்று 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டம் 173ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் எழுத்தில் மேலதிகாரிக்கு அனுப்பலாம், அதற்கும் மேல் மாஜிஸ்திரேட்.

மூன்றாவது இடம். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டில் அல்லது அது விரும்புகிற இடத்தில், யூனிஃபார்ம் இல்லாமல், கூடியவரை எஸ்.ஐ. ரேங்குக்குக் குறையாத பெண் அதிகாரி எழுத வேண்டும். ராத்திரியில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. நம் ஊரில் 1992இல் ஆயிரம் விளக்கில் ஆரம்பித்த அனைத்து மகளிர் காவல் நிலையங்கள்தான் பெரும்பாலும் இந்த வழக்குகளைப் பார்க்கின்றன. அங்கேயே குடும்பத் தகராறும் வரதட்சணைப் புகாரும் குவியும். ஒரே ஹாலில் ஒரு மூலையில் கணவன் மனைவி கத்திக்கொண்டிருக்க, இன்னொரு மூலையில் குழந்தை எதைச் சொல்லும்? தனி அறை, பதிவு செய்ய ஒரு கேமரா, தனி வாசல். கேளுங்கள்.

எழும்பூர் டாக்டரம்மா:
மருத்துவமனைப் பக்கம் நான் சேர்க்கிறேன். போலீஸ் மெமோ இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்லும் மருத்துவமனை சட்டத்தை மீறுகிறது. எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்பே பரிசோதனை செய்யலாம் (27ஆம் பிரிவு). சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக எந்த ஆவணமும் கேட்கக் கூடாது (6ஆம் விதி). தனியார் மருத்துவமனையும் இலவசமாகப் பார்க்க வேண்டும். சிறுமி என்றால் பெண் மருத்துவர், கூட நம்பிக்கையான ஒருவர்.

நேரம்தான் இதில் எல்லாமே. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மாதிரிகள் 96 மணி நேரம் வரை எடுக்கலாம் என்கிறது சுகாதார அமைச்சகத்தின் 2014 நெறிமுறை. உடைகளைத் துவைக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் வேண்டாம். சென்னைப் புழுக்கத்தில் ஈரத்துணியைப் பிளாஸ்டிக்கில் கட்டினால் ஒரே நாளில் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுவிடும். ஒவ்வோர் உடையையும் தனித்தனியாகக் காகிதத்தில், பழுப்புக் கவர் இல்லாவிட்டால் செய்தித்தாளிலாவது சுற்றினால் போதும். குளித்துவிட்டது, துவைத்துவிட்டார்கள் என்றால் அதற்காக அம்மாவைத் திட்ட வேண்டாம். அப்படியும் பரிசோதனை செய்யலாம்.

இன்னொன்று. காயம் இல்லை என்றால் குற்றம் இல்லை என்று அர்த்தம் அல்ல. பெரும்பாலான குழந்தைகளிடம் காயம் இருக்காது. இருவிரல் பரிசோதனை செய்தால் அது ஒழுங்கீனம் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. ஆண் குழந்தைகளையும் மறக்காதீர்கள். வரைவில் "பெண் குழந்தைகள்" என்று மூன்று இடத்தில் பார்த்தேன். சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயதுக்குக் கீழே எல்லோரும்.

மடிப்பாக்கம் சங்கம்:
மூன்றையும் "குழந்தைகள்" என்று மாற்றிவிட்டேன். நன்றி மேடம்.

அடையாறு ஆலமரம்:
17 வயதுப் பையனும் பெண்ணும் காதலித்தால்கூடப் போக்சோ பாய்கிறதே, அதைப் பற்றி ஏன் யாரும்

நெறியாளர்:
அது தனி இழைக்கு உரிய விஷயம், அங்கே போய்ப் பேசுங்கள். சுருக்கமாக: அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழக டி.ஜி.பி. சுற்றறிக்கை உண்டு. இங்கே மனு வேலை மட்டும்.

பாரிமுனை கறுப்புக்கோட்டு:
நாலாவது கோரிக்கைக்கு வருகிறேன். "அரசு உதவி" என்று எழுதினால் அரசு ஒரு அறிக்கையில் "உதவி வழங்கப்பட்டு வருகிறது" என்று பதில் எழுதும். கணக்கோடு கேளுங்கள்.

காசு இரண்டு கட்டத்தில் வரும், இரண்டுக்கும் கதவு வேறு. சாப்பாடு, துணி, ஆட்டோச் செலவு மாதிரி உடனடித் தேவைக்கு 8ஆம் விதி: குழந்தைகள் நலக் குழு பரிந்துரை செய்தால் ஒரு வாரத்துக்குள் பணம் கொடுக்க வேண்டும். இழப்பீடு 9ஆம் விதி: எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு தரலாம், உத்தரவு கிடைத்து 30 நாளில் அரசு கொடுக்க வேண்டும். குற்றவாளி கிடைக்கவில்லை, விடுதலையாகிவிட்டார் என்றாலும் இழப்பீடு உண்டு. பலருக்கு இது தெரியாது. தீர்ப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கே மாட்டும்? மனுவே போடுவதில்லை. போட்டாலும், குழந்தை பெயரில் வங்கிக் கணக்கு இருக்காது. ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் வேறு இனிஷியல். இருக்கிற ஒரே கணக்கில் கார்டியன் அப்பா, வழக்கில் முதல் எதிரியும் (குற்றம் சாட்டப்பட்டவர்) அப்பா. ஆகவே கோரிக்கை இப்படி இருக்கட்டும்: எஃப்.ஐ.ஆர். பதிவான 15 நாளுக்குள் ஒவ்வொரு வழக்கிலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு தானாகவே இடைக்கால இழப்பீட்டு மனு போட வேண்டும். கணக்கு திறக்கும் வேலை பாதுகாப்பு அலகின் பொறுப்பு. 15 நாள் என்பது நான் போட்ட எண், சட்டத்தில் இல்லை. பேரம் பேச ஓர் எண் வேண்டுமே.

கெல்லீஸ் பஸ் ஸ்டாப்:
நீதிமன்றத்தையும் விடாதீர்கள். குழந்தை எதிரியைப் பார்க்கக் கூடாது என்று 36ஆம் பிரிவு திரை, வீடியோ எல்லாம் சொல்கிறது. உள்ளே திரை போட்டுவிட்டு வெளியே வராந்தாவில் ஒரே பெஞ்சில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்தால் என்ன பயன்? குழந்தைகள் மாதிரி எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கு மாவட்டம்தோறும் தனி சாட்சியமளிக்கும் மையம் அமைக்க 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தனி நுழைவு, தனிக் காத்திருப்பு அறை. குழந்தையிடம் நேரடியாகக் குறுக்கு விசாரணை கிடையாது, கேள்விகள் நீதிபதி வழியாகத்தான் போக வேண்டும். இது ஏட்டில் இருக்கிறது, எல்லா இடத்திலும் நடப்பதில்லை.

நுங்கம்பாக்கம் நிழல்:
சின்ன வயதில் நடந்ததை முப்பது வயதில் சொல்கிறவர்களுக்கு இந்த மனுவில் ஏதாவது உண்டா?

பாரிமுனை கறுப்புக்கோட்டு:
கட்டாயம் சேர்க்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பே கிடையாது, எத்தனை வயதானாலும் புகார் கொடுக்கலாம். சிக்கல் இரண்டு. 2012 நவம்பர் 14க்கு முன் நடந்தவற்றுக்குப் போக்சோ பொருந்தாது, அன்றைய தண்டனைச் சட்டம்தான். அதில் 354ஆம் பிரிவுக்கு (பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிப்பது) அப்போது 2 ஆண்டுதான் தண்டனை. மூன்று ஆண்டுக்குள் புகார் வராவிட்டால் காலவரம்பு மூடிவிடும். போக்சோவிலும் 12ஆம் பிரிவு, பாலியல் தொல்லை, 3 ஆண்டு வரைதான் தண்டனை என்பதால் அதே வரம்பில் மாட்டும். தாமதத்துக்குக் காரணம் காட்டி நீதிமன்றத்தின் மன்னிப்புக் கேட்கலாம், கிடைக்கும் என்று உறுதி இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு 18 வயது நிரம்பிய நாளிலிருந்துதான் கடிகாரம் ஓட வேண்டும் என்று திருத்தம் கேளுங்கள். உண்மையிலேயே புதுச் சட்டம் தேவைப்படுகிற கோரிக்கை இந்த மனுவில் இது ஒன்றுதான்.

மடிப்பாக்கம் சங்கம்:
புதுச் சட்டம் என்றால் எம்.எல்.ஏ. "அது டெல்லி விஷயம்" என்று சொல்ல மாட்டாரா?

பாரிமுனை கறுப்புக்கோட்டு:
பாதி சரி. போக்சோ விதிகள் போடும் அதிகாரம் 45ஆம் பிரிவில் ஒன்றிய அரசுக்கு. ஆனால் குற்றவியல் நடைமுறை பொதுப் பட்டியலில் இருக்கிறது. பேரவை திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெறலாம், அரசியலமைப்பு 254(2). மற்றவற்றில் டெல்லியைக் காட்டித் தப்பிக்கவே முடியாது. சிறப்பு நீதிமன்றம் (28), சிறப்பு அரசு வழக்கறிஞர் (32), தொண்டு நிறுவனங்களையும் நிபுணர்களையும் பயன்படுத்தும் வழிகாட்டி நெறிகள் (39), எல்லாம் மாநிலத்தின் வேலை என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

ஒரே மனுவில் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். அது ஒரு துறைக்குப் போகும், அந்தத் துறை தன் சங்கதிக்குப் பதில் எழுதிவிட்டு மற்றதை மூடிவிடும். ஆதரவு நபரும் உடனடிப் பணமும் சமூக நலத்துறைக்கு, மகளிர் காவல் நிலைய அறை உள்துறைக்கு, காலவரம்பு சட்டத்துறைக்கு, ஊழியர் சரிபார்ப்பு பள்ளிக்கல்விக்கு. நாலு தாள், ஒரே நாளில். எம்.எல்.ஏ.வுக்கு ஒரு பக்கச் சுருக்கம். பேரவையில் கேட்கக்கூடிய கேள்வியாகவே மூன்றை எழுதிக் கொடுங்கள்.

எழும்பூர் டாக்டரம்மா:
அதற்கு முன்னால் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டுவிடுங்கள். 10 ரூபாய், 30 நாள். சென்னை மாவட்டத்தில் பதிவேட்டில் எத்தனை ஆதரவு நபர்கள், கடந்த நிதியாண்டில் எத்தனை வழக்குகளில் நியமனம், எவ்வளவு ஊதியம் கொடுக்கப்பட்டது, 8ஆம் விதிப்படி எத்தனை பரிந்துரை, எத்தனைக்கு ஒரு வாரத்துக்குள் பணம். எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். பெயர், ஊர் என்று ஒரு சொல் இருந்தாலும் அந்தரங்கம் என்று மறுத்துவிடுவார்கள், மறுப்பது சரியும்கூட.

ரைட்டர் ரிடையர்டு:
சங்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 அயனாவரம் வழக்கு நினைவிருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பு, செவித்திறன் குறைந்த குழந்தை, காவலாளியும் லிஃப்ட் ஆபரேட்டரும் பிளம்பரும் உள்பட 17 பேர் கைது, 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. உங்கள் ஆறு சங்கத்திலும் செக்யூரிட்டி ஏஜென்சி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். சரிபார்ப்புச் சான்று ஆளுக்கு ஆள் இருக்கிறதா, ஏஜென்சிக்கு மொத்தமாக ஒன்றா? ஆள் மாறும்போது யார் கேட்கிறார்கள்? நீச்சல் மாஸ்டர், டான்ஸ் டீச்சர், ஸ்கூல் வேன் டிரைவர் இவர்களுக்கு? மொட்டைமாடிச் சாவி எத்தனை பேரிடம்? அரசிடம் கேட்பதை முதலில் உங்கள் நோட்டீஸ் போர்டில் போடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வி உதவி எண் 14417 இரண்டும் லிஃப்டுக்குள், குழந்தையின் கண்மட்டத்தில்.

மடிப்பாக்கம் சங்கம்:
ஒப்பந்தத்தை இன்றைக்கு எடுத்துப் பார்த்தோம். ஏஜென்சிக்கு மொத்தமாக ஒரே கடிதம்தான், அதுவும் பழைய தேதி. ஆளுக்கு ஒன்று வாங்கச் சொல்லிவிட்டோம்.

வரைவு நாலு தாளாகிவிட்டது. உள்துறைத் தாளில் "குழந்தை நேயக் காவல் அறை அமைக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். போதுமா?

ரைட்டர் ரிடையர்டு:
போதாது. "குழந்தை நேய" என்று எழுதினால் சுவரில் சோட்டா பீம் வரைந்துவிட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள். கதவு மூடுமா, வெளியே சத்தம் கேட்காதா, ஹாலைத் தாண்டாமல் உள்ளே வர வழி உண்டா, பதிவுக் கருவி வேலை செய்கிறதா என்று எழுதுங்கள்.

மடிப்பாக்கம் சங்கம்:
மாற்றிவிட்டேன். திங்கள் காலை நாலு இடத்திலும் கொடுத்து முத்திரை வாங்குகிறோம். ஆர்.டி.ஐ. நாளைக்கே போகிறது.